இரண்டாம் பக்கத்துக்குப் போனவர்கள்

வால்பாறையில் செல்லக்கனியின் இதயம் தடுமாறத் தொடங்கியபோது, கோயம்புத்தூரில் இருந்த திரையில் அது ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் யாழினி அந்தத் திரைக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அங்கணன் மருத்துவமனைக்கு மலையில் சின்னச் சின்னக் கிளைகள் உண்டு. அங்கே நர்ஸ்கள் இருப்பார்கள், இதய நிபுணர் இருக்க மாட்டார். நிபுணர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து திரை வழியாகப் பார்த்துக்கொள்வார். பல வருடங்களாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

மதியம் வால்பாறை நர்ஸ் பியூலா சாதாரணத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்கறீங்க? பல்ஸ் விழுந்துட்டே இருக்கு!"

யாழினி திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு நார்மலா காட்டுதே சிஸ்டர்?"

"எங்கையில விழுதும்மா. நான் மணிக்கட்டப் புடிச்சிட்டு நிக்கறேன்."

யாழினி அதற்கு மேல் யோசிக்கவில்லை. திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பியூலா சொல்லச் சொல்லக் கேட்டு, எந்த மருந்து, எவ்வளவு என்று தொலைபேசியிலேயே சொன்னாள். தேயிலை பறிக்கும் செல்லக்கனி பிழைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு யாழினி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, கோகிலவாணியின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

கோகிலவாணிதான் அந்த மருத்துவமனையின் வலையமைப்புக்குப் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவள். ஒரு காலத்தில் எட்டுப் பேர் பார்த்த வேலையை இப்போது தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்பதுதான் காரணம். சுவரில் 'அரண்' என்ற மென்பொருளின் பலகை ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கருவியும் ஒரு புள்ளி. புள்ளி பச்சையாக இருந்தால் நலம். எல்லாப் புள்ளியும் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

"மேடம், நான் பாத்துட்டு இருந்தது இப்ப நடக்கறது இல்ல," என்றாள் யாழினி. "அதுக்கு முன்னாடி நடந்தது. அந்தம்மா நல்லா இருந்தப்ப வந்த கோட்டையே அது திரும்பத் திரும்பக் காட்டிட்டு இருந்திருக்கு."

கோகிலவாணி சுவரைப் பார்த்தாள். வால்பாறைப் புள்ளி பச்சை. நேற்றும் பச்சை. அந்த மதியம் முழுக்கவும் பச்சை.

இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பதிலிடம் கேட்டாள். 'பதில்' என்பது அந்தப் பேசும் மென்பொருளின் பெயர். வீட்டில், அலுவலகத்தில், பேருந்தில், எதைக் கேட்டாலும் ஒரே ஒரு விடை சொல்லும். அதற்கு மேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

"வால்பாறையில இருந்து ஊசிப்போன படம் வருது. ஆனா அரண்ல பச்சை காட்டுது. என்ன கோளாறு?"

"வால்பாறை இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை."

"வேற ஒரு கருவி வச்சுப் பாக்கணும். அரண் இல்லாம வேற என்ன இருக்கு?"

"வலையமைப்பு மேலாண்மைக்கு அரண் போதும். பெரிதாக வேறொன்றும் வேண்டாம்."

அவள் நாலைந்து விதமாக மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். நாலைந்து தடவையும் அதே இரண்டு வாக்கியங்கள், அதே இதமான குரலில் வந்தன.

மாலையில் நிர்வாக அதிகாரி ராமபத்ரன் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். "மலை மேல நோயாளிங்க காத்துட்டு இருக்காங்க மேடம். பதிலே கோளாறு இல்லேன்னு சொல்லிருச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா திங்கக்கிழமையில இருந்து திரை வழியா பாக்கறத திரும்ப ஆரம்பிச்சரலாம்."

"போட முடியாதுங்க."

"ஏனுங்க?"

"அதுக்கு என்ன தெரியுமோ அதத்தான் அது சொல்லுது. எனக்குத் தெரிஞ்சாகணுமுங்க. கொஞ்சம் டைம் குடுங்க, நான் தேடிப் பாக்கறேன்."

ராமபத்ரன் அவளை விநோதமாகப் பார்த்தார். கேண்டீனில் யாழினியும் அதே மாதிரிதான் பார்த்தாள்.

"தேடறதுன்னா எப்படி மேடம்? பதில்கிட்ட கேக்கறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

கோகிலவாணி டீ கிளாஸைக் கையில் உருட்டினாள். இந்தப் பெண் பிறந்த வருடத்தில்தான் தான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தோம் என்ற எண்ணம் வந்தது. பெருங்குடியில் ஏழாவது மாடி. பக்கத்து இருக்கையில் மொகுதூம்.

"ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும் கண்ணு. அதுல தேவையானத டைப் அடிச்சா, ஒண்ணு சொல்லாது, லட்சம் சொல்லும். எது நெசம், எது பொய்யின்னு நாமதான் பொறுக்கி எடுக்கோணும்."

"லட்சமா? யாரு படிப்பாங்க?"

"நாங்க படிச்சோம்."

சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த ஏழாவது மாடியின் ஏசி வாசனைகூடத் திரும்பி வந்தது. ஒரு கருவி வேண்டுமென்றால் அது ஒரு வாரத்து வேட்டை. 'மிகச் சிறந்த பத்துக் கருவிகள்' என்று ஒரு கட்டுரை முதலில் வரும். உள்ளே போனால் அந்தக் கட்டுரையை எழுதிய கம்பெனியின் கருவியே முதலாவதாக நிற்கும். அடுத்தது, இரண்டு கருவிகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல். அதில் எல்லாக் கட்டத்திலும் ஒரு பக்கம் மட்டும் டிக் அடித்திருக்கும். இலவசமாகப் பயன்படுத்திப் பார் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போன் நம்பர் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் போச்சு, பெங்களூரிலிருந்து ஒரு பையன் மாதக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். மொகுதூம் ஒருமுறை மேனேஜரின் நம்பரைக் கொடுத்துவிட்டான். மேனேஜர் அன்று முழுக்க மீட்டிங்கிலிருந்து வெளியே ஓடி ஓடிப் போய், "எனக்கு எந்த மென்பொருளும் வேண்டாம் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

யாழினி சிரித்தாள். "அப்புறம் எப்படித்தான் கண்டுபுடிப்பீங்க?"

"மொகுதூம் முதல் பக்கத்துல நிக்கவே மாட்டான். நேரா ரெண்டாம் பக்கம் போயிருவான். 'மொதப் பக்கத்துல விக்கறவன் இருப்பான், ரெண்டாம் பக்கத்துல வாங்கி மாட்டிக்கிட்டவன் இருப்பான்'னு சொல்லுவான். அந்த மாட்டிக்கிட்டவங்க கூடற எடம் ஒண்ணு இருந்துச்சு. ராக்ரூம்னு பேரு."

ராக்ரூம் நம் ஊர் வலையமைப்புக்காரர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து சண்டை போட்டுக்கொண்ட ஓர் இணையக் குழு. யாராவது ஒருவர் சந்தேகம் கேட்பார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். 'இந்தக் கருவி குப்பை' என்று ஒருவர், 'உனக்கு உபயோகிக்கத் தெரியவில்லை' என்று இன்னொருவர். சில சமயம் நமக்கு வந்த அதே கோளாறை எப்போதோ யாரோ கேட்டிருப்பார். ஆவலோடு கடைசிவரை போனால், 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதியிருப்பார். எப்படிச் சரியானது என்று சொல்லியிருக்க மாட்டார். அந்த முகம் தெரியாத ஆளை அவளும் மொகுதூமும் எத்தனை முறை திட்டியிருப்பார்கள்!

மொகுதூமுக்கும் அவளுக்கும் தீராத ஒரு வழக்கு இருந்தது. அவனுக்குப் பிடித்த கருவி 'சிலந்தி'. யாரோ சம்பளமில்லாமல் எழுதி, இலவசமாக விட்டது. அவளுக்குப் பிடித்தது 'கழுகு'. மதியச் சாப்பாட்டில் அவன் கொண்டுவரும் மீனும் அவள் கொண்டுவரும் கொள்ளுப் பருப்பும் இடம் மாறும். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிறகு பதில் வந்தது. முதலில் எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு வாரத்து வேட்டை ஒரு நொடியில் முடிந்தது. கேட்பதற்கு ஆள் குறைந்ததும் குழுக்களில் சொல்வதற்கும் ஆள் குறைந்தது. வெள்ளைப் பெட்டியை என்றைக்கு எடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. தேடத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. மொகுதூமுக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். கேக்கை வெட்டியபோது அவன் அவளைப் பார்த்த பார்வைக்கு அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய பெயர் போகிறவர்களின் வரிசையில் இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. கொஞ்ச வருடத்தில் அதுவும் நின்றுபோனது.

"அவருகிட்ட கேட்டுப் பாக்கலாமே மேடம்?" என்றாள் யாழினி.

அவள் கூப்பிட்டாள். நம்பர் மாறியிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"வாணியா?" என்றது அந்தப் பக்கம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "யா அல்லாஹ், உயிரோட இருக்கியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சிலந்தி எங்கிட்ட இருக்கு," என்றான். "ஆனா லைன்ல அனுப்ப முடியாது. பேரு தெரியாத மென்பொருள்னு நடுவுல பதில் நிறுத்திப்புடும். நேர்ல வா. கையில தாரேன். உன் கழுகும் பழைய டிஸ்க்ல எங்கயாவது கெடக்கும், அதையும் எடுத்துட்டுப் போ, உனக்கு மனசு ஆறாதுல்ல."

காயல்பட்டினத்தில் அவன் அண்ணனுடைய ஜவுளிக்கடை. அங்கேதான் மொகுதூம் இருந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி தடித்திருந்தது. கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே ஓர் அறை. அதில் ஒரு பழைய சர்வர் மின்விசிறி இரைய ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் கோகிலவாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். இப்போதெல்லாம் எதுவும் இரைவதில்லை.

"ராக்ரூம்," என்றான் மொகுதூம், வீட்டு ஆளை அறிமுகம் செய்வது போல. "நடத்துனவரு மூடப் போறேன்னாரு. நாந்தான் வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன். கடைக்கார அண்ணனுக்குக் கரண்ட் பில்லு ஏன் கூடுதுன்னே புரியல."

"யாரு வர்றாங்க இதுக்கு?"

"நீ செத்துப்போச்சுன்னு நெனச்சியா? நடுவுல ஒரு ஈ காக்கா கெடையாது, வாஸ்தவம். கொஞ்ச வருசமா நெறைய வராங்க. புது ஆளுங்க. மரியாதையா கேப்பாங்க. நான் சொல்லிக் குடுப்பேன். நன்றின்னு சொல்லிட்டுப் போவாங்க." அவன் முகம் மலர்ந்திருந்தது. "காலையில கடையத் தொறந்து வச்சுட்டு இங்க வந்து உக்காந்தா மதியம் ளுஹர் தொழுகை வரைக்கும் நேரம் போறதே தெரியாது. நாலு பேரு நம்மளக் கேக்காங்கன்னா அது ஒரு தெம்புதான, வாணி?"

திரையைத் திறந்து காட்டினான். அதே சாம்பல் பின்னணி, அதே அசிங்கமான நீலத் தலைப்பு. கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. சிரித்துக்கொண்டே மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

கேட்டவர் பெயர் 'மலைக்காரன்'. கேள்வி இதுதான்: 'வணக்கம் நண்பர்களே. மலையில் உள்ள ஒரு சிறு மருத்துவமனையிலிருந்து ஊசிப்போன படம் வருகிறது. ஆனால் எல்லாம் பச்சையாக உள்ளது. என்ன கோளாறு என்று யாராவது சொல்லுங்களேன். மிக அவசரம்.'

"இத எப்பக் கேட்டாங்க?"

"முந்தாநேத்து. நான் இன்னும் பதில் போடல. யோசிச்சிட்டு இருந்தேன்."

"மொகுதூம், ஊசிப்போன படம்னு ஒலகத்துல யாராவது சொல்லுவாங்களா?"

"நீ சொல்லுவ," என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான்.

"நான் பதில்கிட்ட சொன்னது அது. எங்கிட்ட கோளாறே இல்லைன்னு சொல்லிட்டு, இங்க வந்து கேட்டிருக்கு."

மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. மொகுதூம் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தான். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தான். சின்னக்கடை, வடக்குத்தெரு, புதுப்பொண்ணு, ஊட்டிக்காரர். அவன் வாய்க்குள் முணுமுணுத்தது பெயர்களைச் சொல்லி விடைகொடுப்பது போல இருந்தது.

"அப்ப இவங்க யாரும் இல்லையா?"

கோகிலவாணிக்கு மறுபடியும் அந்தக் கேக் ஞாபகம் வந்தது. இந்த முறை சும்மா நிற்கக் கூடாது என்று நினைத்தாள்.

"இருக்காங்க. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும் யாரோ ஒரு ஆளு எங்கயோ மாட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. நான் நின்ன மாதிரி. நடுவுல அது வந்து வாங்கிட்டுப் போய்க் குடுத்திருக்கு, அவ்வளவுதான்."

தொழில்காரனுக்கே உரிய யோசனை அவன் முகத்தில் வந்தது.

"தெரியாதுன்னு சொல்ல அதுக்கு அனுமதி இல்ல வாணி. செஞ்சவங்க அப்படிச் செஞ்சிருக்காங்க. அதனால உங்கிட்ட ஒரு பதிலச் சொல்லிருச்சு. ஆனா தெரியாதத தேடிக் கத்துக்கோன்னும் சொல்லி வச்சிருப்பாங்க. தேடறதுக்கு எங்க போகும்? எல்லாக் கடையையும் அதுதான் மூட வச்சிருச்சே. தொறந்திருக்கறது இது ஒண்ணுதான்."

அவன் பேசப் பேச, பதில் சொன்ன இரண்டு வாக்கியங்கள் கோகிலவாணியின் காதில் ஓடின. அரண் போதும். பெரிதாக வேறொன்றும் வேண்டாம். இதமான குரல்தான். ஆனால் அந்தப் பேச்சு ஓர் எந்திரத்தின் பேச்சு மாதிரி இல்லை என்று அன்றே தோன்றியிருந்தது.

"தள்ளு," என்றாள். அவன் நகர்ந்துகொண்டான். ராக்ரூமின் மூலையில் வெள்ளையாக ஒரு சிறு பெட்டி இருந்தது. எத்தனையோ வருடம் கழித்து அவள் ஒரு தேடல் பெட்டிக்குள் கர்சரை வைத்தாள். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. 'அரண்' என்று அடித்தாள்.

வந்தது ஒன்றே ஒன்றுதான். சின்னக்கடை என்பவர், கடைக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்டிருந்தார். மொகுதூம் எழுதியிருந்தான்: 'அண்ணே, அஞ்சாறு மிஷின் இருக்கற உங்க கடைக்கு அரண் போதும். பெருசா வேற ஒண்ணும் வேண்டாம்.'

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"சரியாத்தான சொல்லிருக்கேன்?" என்றான் மொகுதூம், குரல் இறங்கி. "சின்னக் கடைக்கு அது போதும்தான?"

"நீ சரியாத்தான் சொல்லியிருக்க. அது 'உங்க கடைக்கு'ங்கறத விட்டுட்டுச் சொல்லியிருக்கு."

மொத்த நாட்டுக்கும் சொல்லியிருக்கிறது என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்தது. பதில் சொன்னதால் நாலு பேர் அரண் வாங்கினார்கள். நாலு பேர் வாங்கியதால் அது சிறந்தது என்று பதிலுக்கு உறுதியானது. ஆஸ்பத்திரி, ரயில், மின்சாரம் எல்லாம் அரணுக்கு மாறின. மற்ற கருவிகளைச் செய்தவர்கள் மூடிவிட்டுப் போனார்கள்.

"அரண் என்ன செய்யும்?" என்றான் மொகுதூம். "ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு, நலமா இருக்கியான்னு கேக்கும். நலம்னு சொன்னா பச்சை. ஒலகத்துல ஒரே ஒரு வாத்தியாருதான், அவரு கேக்கறதும் ஒரே ஒரு கேள்விதான்னா, பிள்ளைங்க அந்தக் கேள்விக்கு மட்டுந்தான படிப்பாங்க? கருவி செய்யற கம்பெனிக்காரனும் அதான் செஞ்சிருப்பான். என்ன ஆனாலும் நலம்னு சொல்லுன்னு எழுதி வச்சிருப்பான். லைன் மெதுவா இழுத்துச்சுன்னா கடைசியா வந்த படத்தையே திருப்பித் திருப்பி விட்டுக்கிட்டு, நலம்னு சொல்லும்."

அவன் சிலந்தியைக் கொடுத்தான். டிஸ்க்குகளைக் கிளறிக் கழுகையும் தேடி எடுத்தான். கடையில் அவன் அண்ணி கொடுத்தனுப்பிய தம்மடைப் பலகாரத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

வால்பாறைக்கு யாழினியும் கூடவே வந்தாள். செல்லக்கனி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இவங்கதான் போன்ல பேசுன டாக்டரா?" என்று பியூலாவைக் கேட்டாள். யாழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நாடியைத் தானே எண்ணினாள்.

சிலந்தி யாரிடமும் எதுவும் கேட்காது. கம்பியில் காதை வைத்துக்கொண்டு, உண்மையில் என்ன போகிறது, எது போகவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கழுகு வேறு மாதிரி. இந்த முனையிலிருந்து தானே ஒரு சின்னத் துண்டை அனுப்பி, அந்த முனைக்கு அது போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு தாமதம் என்று பார்க்கும். இதைச் சொன்னபோது யாழினி, "அப்ப அரண் நோயாளிகிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போயிருது. இது ரெண்டும் தொட்டுப் பாக்குது," என்றாள்.

மேகம் இறங்கி இணைப்பு இழுத்த நேரத்தில் இரண்டும் ஒரே பெட்டியைக் காட்டிக்கொடுத்தன. படங்களைக் கீழே அனுப்பும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. மொகுதூம் சொன்னபடியே, அது பழைய படத்தை அனுப்பிக்கொண்டு நலம் சொல்லிக்கொண்டிருந்தது. அதே பெட்டி எல்லாக் கிளைகளிலும் இருந்தது. கோகிலவாணி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். ராமபத்ரன் முகம் வெளுத்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு அவளுக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் எத்தனை ஊரில் பச்சையாக இருக்கிறதோ! கம்பெனிக்கு எழுதினாள். உங்கள் கேள்விக்குப் பதிலிடம் விடை பெறலாம் என்று மறுமொழி வந்தது. அரசுக்கு எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் மொகுதூமைக் கூப்பிட்டாள்.

"மலைக்காரனுக்கு நீ பதில் போட்டுட்டியா?"

"இல்ல. பயமா இருக்கு வாணி. முன்னெல்லாம் ஒரு ஆளுக்குச் சொல்லுதேன்னு நெனச்சு எழுதுனேன். சிலந்திய போடுன்னு இப்ப எழுதுனேன்னு வையி, நாளைக்கே நாடு முழுக்கச் சிலந்திதான். மத்த எல்லாம் செத்துரும். கருவி செய்யறவன் சிலந்திய எப்படி ஏமாத்தறதுன்னு படிச்சிருவான். அப்புறம் இன்னொரு மலை, இன்னொரு அம்மா."

"எழுதாம இருந்தா?"

"அதுவும் முடியாது. அவசரம்னு கேட்டிருக்குல்ல."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். பெருங்குடியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் சிக்கலான ஒரு கோளாறோடு இப்படி இருந்ததுண்டு. யாராவது ஒருவர் முதலில் மூச்சு விடுவார்.

"சிலந்தி எனக்குப் புடிக்கவே புடிக்காது," என்றாள் கோகிலவாணி.

"என்னா?"

"காதைக் கம்பியில வச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கும். ஒண்ணுமே வரலேன்னா, அனுப்பலியா, அனுப்பியும் வரலியான்னு அதுக்குத் தெரியாது. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். கழுகுதான் சரி."

"உன் கழுகு ஏற்கெனவே நெரிசலா இருக்கற லைன்ல தானும் போயி நெரிக்கும். மலைக்கு அது ஆவாது."

"அங்க வந்து சொல்லு. ராக்ரூம்ல. எழுது. ரெண்டையும் அது படிக்கட்டும்."

மொகுதூமுக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய சிரிப்பு.

அன்றே ஆரம்பித்தார்கள். முதலில் கறுப்புப் பெட்டியைக் கழற்றச் சொல்லிச் சேர்ந்து எழுதினார்கள். அதில் அவர்களுக்குள் வழக்கு இல்லை. எந்தக் கருவி என்பதில்தான் மூண்டது. அவன் சிலந்தி என்று எழுதினான். அவள் கழுகு என்று எழுதினாள். நீ மலையில் வேலை பார்த்திருக்கிறாயா என்று அவன் கேட்டான். நீ ஜவுளிக்கடையைத் தவிர வேறெதையாவது பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு பதிலிலும், உங்கள் இடம் எப்படி, எத்தனை கருவி, கம்பி இணைப்பா கம்பியில்லாததா, அதைச் சொல்லாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது என்று இருவரும் மறக்காமல் சேர்த்தார்கள். நடிப்பாகத் தொடங்கியது இரண்டாவது நாளே நிஜச் சண்டையாகிவிட்டது. ஒரு பதிலைப் படித்துவிட்டுக் கோகிலவாணிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வாழ்க்கை நன்றாக இருப்பதாகவும் தோன்றியது.

சில வாரம் கழித்து யாழினி கீழ்த்தளத்துக்கு ஓடிவந்தாள். இந்த முறை கதவைத் தட்டினாள்.

"மேடம், மேட்டுப்பாளையம் கிளைக்கு எது நல்லதுன்னு சும்மா பதில்கிட்ட கேட்டுப் பாத்தேன். 'இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. உங்கள் இடத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்வது நல்லது'னு சொல்லுது! என் வாழ்க்கையில அது என்கிட்ட இப்படிச் சொன்னதே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

"பயந்துட்டியா?"

"கொஞ்சம். அப்புறம் வேற ஒண்ணு கேட்டேன். ஒரு மருந்து பத்தி. அதுக்கும் ரெண்டு கருத்து இருக்குன்னு சொல்லுது. இருக்குதான் மேடம். காலேஜ்ல எங்க சார் சொல்லியிருக்காரு. ஆனா இத்தன நாளா அது சொன்னதே இல்ல."

அவள் போன பிறகு கோகிலவாணி சுவரைப் பார்த்தாள். அரணுக்குப் பக்கத்தில் இப்போது சிலந்தியும் கழுகும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன. அந்த நிறங்களைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

மொகுதூமின் நேற்றைய பதிலுக்குச் சரியாக ஒரு குத்துக் கொடுக்க வேண்டும் என்று ராக்ரூமைத் திறந்தாள். அவர்கள் சண்டைக்கு நடுவில் யாரோ புகுந்திருந்தார்கள். புதுப் பெயர். வணக்கம் இல்லை, நண்பர்களே இல்லை, எழுத்துப் பிழை வேறு.

'ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. மொதல்ல கேபிள செக் பண்ணுங்க. எங்க ஊர்ல எலி கடிச்சு வச்சிருந்துது, அத விட்டுட்டு வாரக்கனக்கா கருவிய பத்தி பேசிட்டு இருக்கீங்க. வேற வேல இல்லயா உங்களுக்கு.'

அவள் மொகுதூமைக் கூப்பிட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்," என்றான் மொகுதூம். "நெச ஆளுதான் வாணி. திமிரு புடிச்ச பய."

"எந்த ஊருன்னு கேளு."

"நீ கேளு. நான் அவனுக்கு எலியப் பத்தி எழுதிட்டு இருக்கேன்."